பருப்பில் உப்பு இல்லை

"அண்ணி, கெஞ்சிக் கேக்கறேன். இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகல. பருப்புல உப்பைப் போட்டுடலாம்."

நாத்தனாரின் கை உப்பு ஜாடியை நோக்கிப் போனது. மருமகள் அதைப் பிடுங்கி மேல் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"கைய வைக்காத. நேத்தே பேசி முடிச்சதுதானே? உங்கண்ணனும் சரின்னுட்டாரு."

"அண்ணனுக்கென்ன, சரின்னுட்டு வாசல்ல போய் உக்காந்துக்கிட்டாரு. எனக்குத்தான் இங்க பயமா இருக்கு. அம்மா தட்டை ஒதுக்கிட்டு எழுந்து போயிட்டாங்கன்னா?"

"எனக்கு மட்டும் பயமில்லையா?"

மருமகள் அலமாரிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

பயம் இருக்காதா பின்னே? மாமியார் என்றால் லேசுப்பட்ட மாமியாரா? பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, வாய்விட்டுச் சாமியைக் கும்பிட்டு, தன் கையால் சமைத்ததைப் பரிமாறுவதுதான் அந்த வீட்டுப் பாட்டிக்குச் சொர்க்கம். அடுத்தவர் சமைத்தால் அதைவிடப் பெரிய சொர்க்கம். குறை சொல்லலாமே!

ஒரு தடவை பருப்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது. "கடலுக்குள்ள உக்காந்து சமைச்சியாடி?" என்று ஒரு வாரம் வறுத்தெடுத்துவிட்டாள். மருமகள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். ஆனாலும் அந்தப் பருப்பில் ஒரு கரண்டிகூட வீணாகவில்லை. பாட்டியே தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்துத் தீர்த்தாள். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு எவனோ சொல்லிட்டுப் போயிட்டான். சோறு சாமிடி. அதைக் கொட்டறவங்க கும்பிட்டு என்ன, கும்பிடாட்டி என்ன?" என்பது அவளுடைய வேதம்.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் இன்று உப்பில்லாத பருப்பு.

அது போதாதென்று மருமகள் கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் 'டங் டங்'கென்று தட்டினாள். பாட்டிக்குக் கட்டோடு பிடிக்காத சத்தம் அது. இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கூடத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் நாத்தனாருக்கு இன்னும் கிலியைக் கிளப்பியது.

"அண்ணி, வேணாம் அண்ணி."

"வேற வழி இருந்தா சொல்லு. கேக்கறேன்."

நாத்தனார் தட்டைக் கழுவி எடுத்து வைத்தாள்.

மகன் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். "அம்மாவை உக்கார வெச்சுட்டேன். கொண்டாந்துடு."

"நீங்க பக்கத்துலயே நில்லுங்க."

"வேற எங்க போகப் போறேன்?"

மருமகள் சாப்பாட்டு மேசையில் தட்டை வைத்தாள். பாட்டி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கைகளைக் கூப்பிக் கண்களை மூடிக்கொண்டாள். மூவரும் அவள் உதடுகளையே பார்த்தார்கள்.

கண்ணைத் திறந்தாள். சோற்றில் பருப்பைப் பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள்.

மென்றவள் சட்டென்று நிறுத்தினாள். புருவம் நெரிந்தது. பார்வை நேராக மருமகள் மேல் வந்து நின்றது. மருமகள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பாட்டி வாயிலிருந்ததை விழுங்கினாள். தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வாய் பிசைந்தாள்.

"அத்தை..." மருமகள் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "நல்லா இல்லைன்னா திட்டிடுங்க அத்தை. தட்டைத் தூக்கி என் மூஞ்சிலயே அடிங்க. இப்படிப் பாத்துட்டுச் சும்மா இருக்காதீங்க. எனக்கு பயமா இருக்கு."

பாட்டி மூன்றாவது வாயும் விழுங்கினாள். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது.

"விடு. இதுக்குச் சரின்னு சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மருமகளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "போதும் அத்தை. இந்தக் கண்றாவிய நீங்க தின்ன வேணாம்" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டு மூலைக்குப் போனாள். குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்து தட்டைச் சாய்த்தாள்.

பின்னால் நாற்காலி உருண்டு விழும் சத்தம் கேட்டது. பருப்பு ஒட்டிய கை ஒன்று அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

பாட்டிதான். முகம் சிவந்து, கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றாள்.

"கொட்... கொட்டாதடி! சோறுடி அது! சாமி!"

சாய்ந்த தட்டு அப்படியே நின்றது.

"அறிவு... இருக்காடி உனக்கு? போ... உப்பை எடுத்துட்டு வா!"

மருமகள் தட்டோடு தரையில் உட்கார்ந்து மாமியாரின் கால்களைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "திட்டுங்க அத்தை, இன்னும் திட்டுங்க!"

மகன் கைப்பேசியை அழுத்திக் காதில் வைத்தான்.

"டாக்டர்! பக்கவாதத்துல போன பேச்சு இனிமே எங்கம்மாவுக்குத் திரும்பாதுன்னு சொன்னீங்களே... இதோ கேளுங்க டாக்டர், என் பொண்டாட்டிய வாய் நெறையத் திட்டிட்டிருக்காங்க!"