உதைபட்ட கற்கள்

“எந்த மடையன் செஞ்ச வேலை இது?” என்றபடி ஓங்கி ஓர் உதை விட்டார் லமார். முழங்கால் உயரக் கற்குவியல் சரிந்து நாலாபக்கமும் உருண்டது.

எலியட்டுக்குத் தன் விலாவிலேயே உதை விழுந்தது போலிருந்தது. அந்த மடையன் அவன்தான்.

அது அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை காலை. யூட்டா மாநிலத்தின் மோவாப் ஊருக்கு வெளியே, தட்டையான மலையுச்சி ஒன்றில் இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள். எலியட் பாஸ்டனில் வளர்ந்தவன். லமாரின் மகள் கென்னாவைப் பெண் கேட்க வந்திருந்தான்.

“எங்க ஊர்ல அப்பா முன்னாடி நேரா நின்னு கேக்கணும். அவர் தலையாட்டாம நான் மோதிரம் போட்டுக்க மாட்டேன்” என்று கென்னா சொல்லியிருந்தாள். “ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. வழி தெரியாம முழிக்கிறவனை அவருக்குக் கண்டாலே ஆகாது.”

அதனால்தான் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தான். அடிவாரப் பலகையில் ‘சுலபமான நடை, கடைசியில் ஆற்றின் அழகிய காட்சி’ என்று போட்டிருந்தது. மேலே ஏறினால் பாதையே இல்லை, வெறும் பாறை. முந்தைய நாள் ஒத்திகைக்கு வந்தவன், இரண்டு முறை தொலைந்து ஒருவழியாக விளிம்பைக் கண்டுபிடித்தான். திரும்பும் வழியெல்லாம் கல்லை அடுக்கி அடையாளம் வைத்துவிட்டுப் போனான்.

“வெளியூர்க்காரனுக்கு நாலு கல்லு கிடைச்சா போதும், அடுக்கி வெச்சு போட்டோ புடிப்பான்.” லமார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். முப்பது வருடம் கொலராடோ ஆற்றில் படகு ஓட்டியவர். “இந்த ஊர்க்காரனுக்கு எதுக்குய்யா அடையாளம்?”

“கரெக்ட் சார்.”

லமார் இடுப்பில் கை வைத்து, கண்ணைச் சுருக்கி, சுற்றுமுற்றும் நிதானமாகப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று நடந்தார், நேரே அடுத்த குவியலுக்கு. இன்னோர் உதை.

விழுந்தவற்றை எலியட் மனதுக்குள் எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தான். திரும்பி வர அவனுக்கு வேறு துணை கிடையாது. உண்மையைச் சொன்னால் மடையன். சொல்லாவிட்டால் தொலைந்துபோன மடையன்.

“ஏய், அந்தக் கறுப்பு மண்ணை மிதிக்காதே! பாசியும் பூஞ்சையும் சேந்து வளர்ற உயிருள்ள மண்ணு அது. பாறை மேல நட.”

“சாரி சார்.”

விளிம்பு வந்தது. கீழே, மிக ஆழத்தில், செம்பாறைச் சுவரைச் சுற்றி ஆறு வளைந்து கிடந்தது. லமார் தொப்பியைக் கழற்றினார்.

“இப்படியா திரும்புது இது!” என்று முணுமுணுத்தார்.

பிறகு பையிலிருந்து உப்புக்கண்டத்தை எடுத்து அவனுக்கும் ஒரு துண்டு கொடுத்தார். எலியட் அதை விழுங்கித் தைரியத்தை வரவழைத்துக்கொண்டான். “சார், கென்னாவை நான்...”

“தெரியும். இவ்ளோ தூரம் காத்து வாங்கவா என்னைக் கூட்டிட்டு வந்தே?” லமார் மென்றுகொண்டே சொன்னார். “போன வருஷம் ஒருத்தன் வந்தான். படகுல ஏத்தினேன். துடுப்பை ஆத்தோட விட்டுட்டான். அவனையும் விட்டாச்சு.”

“எனக்கு என்ன சார் சோதனை?”

லமார் வந்த திசையைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நீ முன்னால போ. வண்டி வரைக்கும் என்னைக் கொண்டுபோய்ச் சேத்துட்டா பொண்ணு உனக்கு. நடுவுல நான் வாயே திறக்க மாட்டேன்.”

எலியட் எழுந்து சுற்றிலும் பார்த்தான். எங்கு பார்த்தாலும் ஒரே பாறை. அப்போதுதான் சற்றுத் தூரத்தில் எதுவோ வெளிறித் தெரிந்தது. அந்தப் பாலைவனத்துக் கல்லெல்லாம் வெயில் தின்று மேல்பக்கம் கறுத்திருக்கும். உதைபட்டவை மட்டும் கவிழ்ந்து வெளுத்த அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. அங்கே ஒரு சிதறல். அதற்கப்பால் இன்னொன்று.

எலியட் இடுப்பில் கை வைத்தான். கண்ணைச் சுருக்கினான். விறுவிறுவென்று நடந்தான்.

லமார் சொன்ன சொல் காப்பாற்றினார். அவன் குதிகாலை மிதிக்காத குறையாக, வாய் திறக்காமல் பின்னாலேயே வந்தார்.

வண்டி கண்ணில் பட்டதும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பொண்ணு உனக்குத்தான், மாப்ளே!”

எலியட்டுக்கு மனசு கேட்கவில்லை. “சார், ஒரு உண்மை. அந்தக் கல்லையெல்லாம் அடுக்கின மடையன் நான்தான்.”

“நீயா?” லமார் வண்டியின் பின்பலகையில் பொத்தென்று உட்கார்ந்து, பெரிய மூச்சாக விட்டார். “நல்லா இருப்பே! கென்னாகிட்ட சொல்லிடாதே. முப்பது வருஷமா இந்த மலையை நான் கீழ படகுலேர்ந்துதான் அண்ணாந்து பாத்திருக்கேன், மேல ஏறினது இன்னிக்குத்தான். உன் கல்லைத் தேடித் தேடித்தான் போய்ச் சேந்தேன். வீராப்புல எல்லாத்தையும் உதைச்சுத் தள்ளிட்டு, திரும்ப வழி தெரியாமத்தான் உன்னை முன்னால போகச் சொன்னேன்!”

மே மாதம் கல்யாணம். மலையுச்சியில் வைத்துக்கொள்ளலாமே என்றாள் கென்னா. மாமனாரும் மருமகனும் ஒரே குரலில் மறுத்ததால், ஆற்றங்கரையில் நடந்தது.