மடியைக் கிழித்த மரம்

"அடியில வெறும் மணல் தரைதான்க்கா! ஒரு கூழாங்கல் கூடக் கிடையாது. அதுல எப்படி வலை இப்படிக் கிழியும்?"

சவுலோசி கரைவலையை விரித்துப் போட்டுவிட்டு நிலைகொள்ளாமல் அங்கும் இங்கும் நடந்தான். மீன் வந்து சேரும் பையான மடி குறுக்கே பிளந்து கிடந்தது. நாளைக்குள் சரியாகாவிட்டால் அவனுடைய ஆட்கள் வேறு படகில் ஏறிவிடுவார்கள். மலாவி ஏரிக்கரையில் வலையில்லாதவனுக்காக எவனும் காத்திருக்க மாட்டான்.

மீன்பிடிப்பைக் கண்காணிக்கும் கரைக்குழுவின் தலைவி நாபிரி மரவள்ளிக் கிழங்கை உரித்தபடியே கேட்டாள். "எங்க போட்ட?"

"முனைக்கு வெளியே. எல்லாரும் போடுற இடம்தான்."

"முதலை ஏதாவது கடிச்சிருக்குமோ?"

"முதலை கடிச்சா கந்தலாயிருக்கும். இது எதுலயோ மாட்டி இழுபட்ட கிழிசல். நானே முங்கிப் பார்த்தேன். முள்மரம்க்கா! கிளையோட முழு மரம்."

"மழைக்கு ஆறு அடிச்சிட்டு வந்திருக்கும்."

"கல்லையும் கட்டியா ஆறு அனுப்பும்? அடிமரத்துல பாறாங்கல்லு. பழைய டயர் வாரால இறுக்கிக் கட்டியிருக்கு. எந்தப் பொறாமை புடிச்ச பயலோ வேணும்னே இறக்கியிருக்கான். அவனைப் பிடிச்சுக் குடுங்க."

"பிடிக்கலாம்."

"எங்க பிடிக்கப் போறீங்க! சாம்போ மீன் குஞ்சு வளர்க்குற குடாவுல யாரும் வலை போடக் கூடாதுன்னு மூடி வெச்சீங்க. அங்க திருட்டுத்தனமா வலை இழுக்குறவனையே இன்னும் பிடிக்க முடியல. ஊரே சிரிக்குது."

"நிஜம்தான் தம்பி," என்றாள் நாபிரி. "தாய் மீன் தன் குஞ்சுகளை வாய்க்குள்ள வெச்சுல்ல வளர்க்குது? தாயை இழுத்தா அத்தனையும் சேர்ந்து போயிடும். காவல் போட்டா, காவல்காரன் கண் அசர்ற நேரம் பார்த்து வர்றான். அதான் ஆளைத் தேடுறதை விட்டுட்டேன். கரைவலை எப்பவும் தரையைத் தடவிக்கிட்டேதானே வரும்? தரையில முள் கிடந்தா மாட்டிக்கும். குஞ்சுக்கும் ஒளிய இடமாச்சு."

சவுலோசியின் நடை நின்றது.

"முந்தாநாள் ஒரே ஒரு மரம் இறக்கினேன். கல்லைக் கட்டினதும் நான்தான். யார்கிட்டயும் மூச்சு விடல." கிழங்குத் தோலை உதறிவிட்டு அவள் எழுந்தாள். "இறக்கினது முனைக்கு வெளியே இல்ல, மூடின குடாவுக்குள்ள. கிழிசலைத் தைக்க வேணாம் தம்பி, வலையை இங்கயே விட்டுட்டுப் போ."