தட்டு வராத வாசல்

ஆவணி பதிமூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி, சாலை வளைவில் ஒதுங்கி நின்ற வேனின் கூரைமேல் தனசேகரன் ஏறியிருந்தார்.

“வந்துச்சா?”

“வந்துச்சு... போயிடுச்சு!” வேனுக்குள்ளிருந்து மனைவி ஜெயசுதா குரல் கொடுத்தாள். “இன்னும் கொஞ்சம் கிழக்கால திருப்புங்க.”

“கிழக்காலதான் திருப்பிக்கினு இருக்கேன்!”

“எங்கப்பா டி.வி. ஆண்டெனாவ இப்படித்தான் திருப்புவாரு. அவராவது வூட்டுக் கூரைமேல நின்னாரு.”

தனசேகரன் பல்லைக் கடித்துக்கொண்டார். ஐந்தாறு கடைகளுக்குக் கணக்கு எழுதும் வேலையை வேனில் இருந்தபடியே செய்பவர் அவர். அதற்காகவே இரண்டு சிம் போட்ட ரௌட்டர், கூரையில் கம்பம், கம்பத்தின் உச்சியில் ஆண்டெனா என்று ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் மலை ஏறியதிலிருந்து இரண்டு சிம்மும் செத்துக் கிடந்தன.

இன்று தேடியது வேலைக்கான சிக்னல் அன்று. சங்கராபுரத்து மண்டபத்தில் அவருடைய ஒரே தங்கை கோகிலவாணியின் மகளுக்குக் காது குத்து. திருமணமாகிப் பல ஆண்டுகள் ஏங்கியபின் பிறந்த பெண். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவதுதான் வழக்கம். அந்தத் தாய்மாமனோ அதை நேரலையில் பார்ப்பதற்காகக் கம்பத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஜெயசுதா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். “காலையில அந்த மண்டபத்துப் பக்கமாத்தான வந்தோம்? வாழமரம் கட்டியிருந்துச்சு. பேனர்ல பாப்பா சிரிச்சிக்கினு இருந்துச்சு. நிறுத்தாம மலை ஏறிட்டு, இப்ப அதையே சிக்னல் தேடிக்கினு கிடக்கறீங்க. இது இன்னா கூத்து?”

“எனக்கு எப்படிப் பத்திரிகை வெச்சா அவ? வாட்ஸ்அப்ல! தாய்மாமனுக்கு வாட்ஸ்அப்ல பத்திரிகை! புருஷனும் பொண்டாட்டியுமா வூட்டு வாசப்படி ஏறி, தட்டுல வெத்தல பாக்கு பழம் வெச்சுக் கூப்பிடணும். அதான் முறை. போன்ல கூப்பிட்டவளுக்குப் போன்லயே வந்துட்டுப் போறேன்.”

“அப்ப, சாமி படத்துக்குப் பின்னால ஒளிச்சி வெச்சிருக்கீங்களே கம்மலு, அது யாருக்கு?”

“அது... அப்புறமா கூரியர்ல அனுப்பிக்கலாம்.”

“மாமன் மடியையும் கூரியர்லயே அனுப்பிடுங்க. வாசப்படி வாசப்படின்றீங்களே, எந்த...” என்று தொடங்கியவள், வேனுக்குள் எட்டிப் பார்த்துச் சட்டென்று கத்தினாள். “வந்துச்சு! கைய எடுங்க, அப்படியே வுடுங்க!”

தனசேகரன் ஏணியில் வழுக்கியபடி இறங்கி உள்ளே ஓடினார். அடுப்புக்குப் பக்கத்தில், மடக்கு மேசையில் சாய்த்து வைத்த போனில் மண்டபம் தெரிந்தது. படம் நின்று நின்று நகர்ந்தது. குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. பட்டுப்பாவாடையில் குழந்தை, எதிரே பெட்டியைத் திறந்து வைத்திருந்த ஆசாரி, நடுவில் ஆளில்லாத மணை. கோகிலவாணி நொடிக்கொரு தரம் வாசலைப் பார்த்தாள். தங்கை இளைத்திருப்பது அந்தச் சின்னத் திரையிலும் தெரிந்தது.

அவளுடைய மாமனார் ராசு முன்னால் வந்தார். “இன்னாம்மா, பத்தரைக்கு ராகு காலம் வந்துடும். உங்கண்ணன் வருவாரா, மாட்டாரா? முறையா தட்டு வெச்சுத்தான கூப்பிட்ட?”

“அப்படிக் கேளுங்க பெரியவரே!” என்று போனைப் பார்த்துச் சொன்னார் தனசேகரன். தம் பக்கத்து நியாயத்தைக் கேட்க மண்டபத்திலேயே ஓர் ஆள் இருந்தது அவருக்கு நிறைவாக இருந்தது.

கோகிலவாணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“தட்டு, பழம், வேட்டி, புடவை எல்லாம் எடுத்துக்கினு நானும் அவரும் தாம்பரம் போனோம் மாமா. கதவத் தட்டுனா, முகம் தெரியாத பொண்ணு ஒண்ணு வந்து நிக்குது. ‘அவங்க தை மாசமே காலி பண்ணிட்டாங்களே, உங்களுக்குச் சொல்லலியா?’ன்னு கேக்குது. போன் போட்டா தொடர்பு எல்லைக்கு வெளியன்னு வருது. வேற வழி இல்லாமதான் வாட்ஸ்அப்ல அனுப்பினேன். பாத்துட்டாருன்னு நீலக் கோடு வந்துச்சு, பதில்தான் வரல. எங்கண்ணன் வூடு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. நான் எந்த வாசல்ல போயி தட்டு வெப்பேன்?”

ராசு தலை குனிந்தார்.

“நீங்களே உக்காருங்க மாமா. பாப்பாவ உங்க மடியில வெச்சிக்குங்க.”

வாசலைப் பார்த்த அவள் முகத்தோடு படம் உறைந்தது. சிக்னல் போய்விட்டது. இம்முறை ஆண்டெனாவைத் திருப்ப அவர் எழுந்திருக்கவில்லை.

“தங்கச்சிக்காவது சொல்லிடலாங்க” என்று தை மாதமே சொன்னவள் ஜெயசுதா. வாடகை வீட்டையும் விட்டு வண்டியில் குடியேறிவிட்டான் என்று ஊர் சிரிக்கும், யாருக்கும் சொல்லக் கூடாது என்று தடுத்தவர் தனசேகரன்.

கம்பத்தை இறக்கிக் கட்டினார்கள். முகூர்த்தத்துக்குள் மலையிறங்கிப் போய்ச் சேர முடியாது என்பது இருவருக்கும் தெரியும்; ஆயினும் இப்போதே புறப்படுவதென்றும், மண்டபத்து வாசலில் வேனை நிறுத்திப் பக்கக் கதவைத் திறந்து, “இதாம்மா உங்கண்ணன் வூடு” என்று கோகிலவாணியிடம் சொல்லிவிடுவதென்றும் முடிவாயிற்று.