தூரத்துக் காலேஜ்

"பொண்ணு என்ன ஆகணும்கிறா?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

"மூளை ஆபரேஷன் பண்ற டாக்டராம்!" அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ரெண்டு மெடிக்கல் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. ஒண்ணு வீட்டுப் பக்கத்துலயே. இன்னொண்ணுக்கு ராத்திரி முழுக்க ரயில்ல போகணும். அங்கதான் சேருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா."

"அங்க என்ன விசேஷம்?"

"மூளைக்குன்னே தனி ஆஸ்பத்திரி இருக்காம். இருந்துட்டுப் போகட்டும்! இன்னிக்கும் படிக்கிறப்ப நான் ஊட்டிவிட்டாத்தான் சாப்பிடறா. அங்க யாரு ஊட்டுவா?"

"நானும் அங்கதான் படிச்சேன். எங்கப்பாவும் இதேதான் சொன்னார்."

அப்பாவின் பேச்சு சட்டென்று நின்றது.

பெண்மணியின் கையும் நின்றது. "சார், பேசுங்க!"

அப்பாவின் மண்டை ஓடு திறந்திருந்தது. பேச்சுக்கான இடத்தை ஒட்டியிருந்த கட்டியை, அவரை விழிக்கவைத்துப் பேசவிட்டபடியே எடுத்துக்கொண்டிருந்தார் அந்தப் பெண் டாக்டர். பேச்சு நின்றால், கருவி தொடக்கூடாத இடத்தைத் தொட்டிருக்கலாம். 'காலேஜ் பத்திக் கேளுங்க, அப்பா வாயே மூடமாட்டார்' என்று சொல்லி அனுப்பியதே மகள்தான்.

"சார்... ஏதாவது சொல்லுங்க!"

நர்ஸ் குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"டாக்டர்," என்றார் அப்பா மெதுவாக, "அங்க ஹாஸ்டல் சாப்பாடு நல்லா இருக்குமா?"