மூன்று குறைந்த கணக்கு

"எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிய வேணாம் அண்ணே" என்றாள் பிரிஸ்கில்லா, ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி.

நாகல் நகர் லேப்பில் இருபது வருடமாக ஊசி குத்துகிறவர் கண்ணுசாமி. "நான் எதுக்குச் சொல்லப்போறேன் டீச்சர்? ஸ்கூல் விட்டு வாங்க, ரிசல்ட் ரெடியா இருக்கும்" என்றார்.

அன்று எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் அவளுக்கு மனசு ஒட்டவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால், சாப்பிட உட்கார்ந்த அவள் புருஷன் கிறிஸ்துராஜ் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "ரெண்டு கிட்னியும் கெட்டுப்போச்சாம்" என்றான். அன்றிலிருந்து அந்த வீட்டில் உப்பு இல்லை. அவனுக்கு ஆக்கியதையே அவளும் சாப்பிட்டாள்.

செவ்வாயும் வெள்ளியும் வைத்தியத்துக்கென்று மதுரைக்குப் போவான். "நானும் வாரேன்" என்று அவள் கிளம்பினால், "உன் லீவ எல்லாம் இப்பவே தீத்துப்புடாத. படுத்த படுக்கையானா வேணும்ல" என்பான். அதைக் கேட்டதும் எடுத்த பையைக் கீழே வைத்துவிடுவாள்.

போன வாரம் துவைக்க எடுத்த அவன் சட்டைப்பையில் ஒரு துண்டுச்சீட்டு கிடைத்தது. டாக்டர் பேனாவால் போட்ட கணக்கு. பெயர் இல்லை. வயது நாற்பது, எடை நாற்பத்தெட்டு, ரத்தத்தில் கிரியாட்டினின் 3.7, கடைசியில் கிட்னி வேலை செய்யும் அளவு பதினைந்து.

அவனுக்கும் நாற்பதுதான் நடக்கிறது. ஆனால் நாற்பத்தெட்டு கிலோவா! சட்டை வயிற்றில் இறுக்கமாகத்தான் இருக்கிறது, மனுஷன் உள்ளுக்குள்ளே இப்படி உருகிப்போனாரே என்று துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்தபோது தன் கிட்னியில் ஒன்றைக் கொடுப்பதென்று முடிவு செய்திருந்தாள்.

சாயங்காலம் கண்ணுசாமி கால்குலேட்டரைத் தட்டிவிட்டுச் சிரித்தார். "கிரியாட்டினின் 0.7. வயசு, எடை எல்லாம் போட்டுப் பாத்தா நூறு வருது. கணக்கு டீச்சருக்குச் சென்டம்!"

பிரிஸ்கில்லா அவசரமாகத் துண்டுச்சீட்டை எடுத்து நீட்டினாள். "இதையும் பாருங்கண்ணே. போன்ல தேடிப் பாத்தேன், நூத்தி நாப்பதுல வயசக் கழிச்சு, எடையால பெருக்கி, எழுபத்திரெண்டாலயும் கிரியாட்டினினாலயும் வகுக்கச் சொல்லிருக்கு. நாலு தடவ போட்டேன். பதினெட்டு வருது. டாக்டரு மூணு கொறச்சுப் போட்டுட்டாரு!"

அந்த மூன்று பாயின்ட்டைப் புருஷன் கையில் கொடுக்கப்போகிற சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது.

கண்ணுசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "டாக்டர் போட்டது சரிதான் டீச்சர். கடைசியா 0.85ஆல பெருக்கணும். அப்பப் பதினஞ்சுதான் வரும். உங்களுக்கும் அப்பிடித்தான் போட்டேன்."

"அது என்னத்துக்கு?"

"பொம்பளைகளுக்குச் சதை கம்மில்ல, அதுக்குக் கழிக்கிறது. ஆம்பளைக்குன்னா பெருக்க மாட்டோம்." சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "பாவம், யாரு டீச்சர் இந்தம்மா? சீக்கிரமா வைத்தியம் பாக்கச் சொல்லுங்க."

எந்த வழியாக வீட்டுக்கு வந்தோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

ஏழு மணிக்கு மதுரையிலிருந்து கிறிஸ்துராஜ் வந்தான். மேஜை மேல் சீட்டைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"யாரு அவ?"

"எவ?"

"நாப்பத்தெட்டுக் கிலோ இருக்காளே, அவ."

அவன் நாற்காலியில் சரிந்தான். "மதுர ஆபீஸ்ல கூட வேல பாத்தவ. ஆறு வருசமாப் பழக்கம். அவளுக்கு என்னைய விட்டா நாதியில்ல பிரிஸ்கில்லா."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

எட்டு மாதமாக அவளும் உப்பில்லாச் சோறு தின்றிருந்தாள். கத்தவில்லை. பாத்திரத்தை எறியவில்லை. காலில் விழாவிட்டாலும் ஒரு மன்னிப்பாவது கேட்பான் என்று சுவரில் சாய்ந்து காத்திருந்தாள்.

அவன் கண் மேஜை மேல் போனது. துண்டுச்சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு காகிதம், லேப் முத்திரையோடு, அவள் பெயர் போட்டு. எடுத்தான். மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தான். எட்டு மாதமாக இல்லாத ஒரு தெளிவு அவன் முகத்தில் வந்தது.

"நூறா!" என்றான். "ஒண்ண அவளுக்குக் குடுப்பியா?"