கடையில் மாதிரிக்கு இருந்த கன்ட்ரோலர்

ஒரு கடையில் வயர்லெஸ் வீடியோ கேம் கன்ட்ரோலர் ஒன்று மாதிரிக்கு இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அதை அழுத்திப் பார்ப்பார்கள். பிடித்துப்போனால் பெட்டியிலிருக்கும் புதியதை வாங்கிப் போவார்கள்.

"உடம்பெல்லாம் வலிக்குது," என்றது அது, பக்கத்திலிருந்த புதிய கன்ட்ரோலரிடம்.

"வலிச்சு என்ன பண்றது? வீட்டுக்குப் போறது நாங்கதானே," என்றது புதியது.

அன்று பூங்குழலி கணவனோடும் மகள் இனியாவோடும் வந்தாள். மூவரும் சேர்ந்து விளையாட ஒன்று வேண்டுமாம். கடைக்காரர் புதியதைப் பிரித்துக் கொடுத்தார். மூட்டுவாதம் வந்த பூங்குழலியின் விரலுக்குப் பொத்தான் அசையவே இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஆடுங்க. நான் பார்த்துக்கிட்டிருக்கேன்," என்றாள்.

மாதிரிக்கு இருந்ததை இனியா எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். எத்தனையோ பேர் அழுத்தித் தளர்ந்த பொத்தான் மெல்ல இறங்கியது. திரையில் கார் ஓடியது.

"இதையே குடுங்க," என்றாள் இனியா.

"அது பழசும்மா," என்றார் கடைக்காரர்.

"அம்மாவுக்கு இதுதான் அழுந்துது."

பூங்குழலி அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். வழியெல்லாம் யாரும் அதை அழுத்தவில்லை. அது அப்படியே தூங்கிப்போனது.