முருகையாவுக்கு எடுத்த முதல் அழைப்பு

பாறை ஏறப் போகும் அந்த மலையை ஆரணியும் தம்பி கஜீபனும் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். அவர்களின் ஊரான சண்டிலிப்பாயில் ஏறிப் பழக வீட்டுக் கூரையைத் தவிர வேறெதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை பயணம். மழையையும் அட்டைக்கடியையும் நினைத்தே ஆரணிக்கு நாலு நாளாக நித்திரை இல்லை. புதன்கிழமை பின்னேரம் மலைநாட்டு வழிகாட்டி முருகையாவை முதன்முதலாகத் தொலைபேசியில் அழைத்தாள். கஜீபன் வீட்டு முன் விறாந்தையில் கூடாரத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் யாழ்ப்பாணத்திலையிருந்து ஆரணி கதைக்கிறன்."

"அம்மா, பத்திரமா வீடு போய்ச் சேந்துட்டீங்களா?" என்றார் அவர்.

"நாங்கள் இன்னும் வெளிக்கிடேல்லை, அண்ணை. வாற வெள்ளிதான் வாறம்."

"நான்தானேம்மா உங்களைப் பாறையிலருந்து இறக்குனேன். தம்பியத்தான் இன்னும் தேடுறோம். சத்தம் மட்டும் கேக்குது. இந்தா, கேளுங்க."

தொலைபேசியில் காற்று இரைந்தது. அதற்குள்ளிருந்து கஜீபனின் குரல் வந்தது.

"அக்கா, கையை விட்டிடாதை!"

விறாந்தையில் கஜீபன் நிமிர்ந்தான். "ஆர் அக்கா, முருகையாவே? கயிறு அவரிட்டை இருக்காமோ?"

ஆரணி ஓடிப்போய் அவனுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"நாங்கள் போகேல்லை."

"விடக்கா, நோகுது" என்று அவன் சிரித்தான். அவள் விடவில்லை. மற்றக் கையிலிருந்த தொலைபேசியில் அவன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.